கடைசி வரிசைக்குக் கேட்ட பூட்டு

உங்களில் வில்லன் வேஷம் கிடைத்த தம்பிமார்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு என்னிடம் வருவார்கள். “ஐயா, சனங்க நம்மள நெசமாவே கெட்டவன்னு நினைச்சுருவாகளே, என்ன செய்யிறது?” என்பார்கள். நினைக்கட்டுமே, அதற்குத்தானே அரிதாரம் பூசுகிறோம் என்று நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். நானும் உங்கள் வயதில் நம்பவில்லை. அந்தப் பயத்திலே ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடையில் திடீரென்று நல்லவனாகிவிட்டேன். என் தொழிலில் நான் செய்த பெரிய பாவம் அதுதான். மேடையில் செய்த கொலைகளெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஐம்பதுகளின் நடுவில் எங்கள் நாடகக் கம்பெனி திண்டுக்கல்லில் கொட்டகை போட்டு உட்கார்ந்தது. நாடகத்தில் எனக்குச் சின்னமிராசு வேஷம். அண்ணன் வெளியூர் போன சமயம் பார்த்து அண்ணியை வீட்டைவிட்டு வெளியே தள்ளிக் கதவைப் பூட்டுகிற தம்பி. தள்ளப்படுகிற அண்ணியாக வந்தவன் பரமசிவம். ஸ்திரீபார்ட் என்கிற பெண் வேஷத்தில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. சேலையைக் கட்டிவிட்டால் கல்லும் அழும். அவிழ்த்துவிட்டால் வழுக்கைத் தலையும் வாயில் பீடியுமாகச் சந்தைக்கு மாடு ஓட்டி வந்தவன் மாதிரி இருப்பான்.

அவன் அழுத அழுகையில் ஊரே என்னைப் பகைத்துக்கொண்டது. மிட்டாய்க்கடை பாய் என்னைப் பார்த்ததும் அல்வாத் தட்டை மூடிவிட்டார். “தம்பி, மொதல்ல அந்த அண்ணியை உள்ள கூப்பிடுங்க. அப்பறம் அல்வா தாரேன்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் தட்டைத் திறக்கவில்லை. நாகல் நகரில் வெங்காயம் விற்கிற அம்மா அந்த அளவுகூடச் சிரிக்கவில்லை. “உனக்கு வெங்காயம் கிடையாது, போ. அந்தப் பிள்ள அழுத அழுகைக்கு நீ உரிக்காமலே அழுவ” என்று தராசைக் கவிழ்த்து வைத்தாள்.

எங்கள் வாத்தியாரிடம் போய் முறையிட்டேன். வாத்தியார் என்றால் கம்பெனிக்கு எழுதுகிறவர், சொல்லிக்கொடுக்கிறவர், வாயில் வசவு வற்றாதவர். அவர் சந்தோஷத்தில் தொடையைத் தட்டினார். “ஏலே, வெங்காயம் தரலைன்னா நீ செயிச்சுட்டன்னு அர்த்தம். என்னைக்காச்சும் தந்துட்டா, அன்னைக்கு வந்து சொல்லு. வேஷத்தை மாத்திப்புடலாம்.”

இந்த வெங்காயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது மேடையில் நாங்கள் வைத்திருந்தது தகரத்தில் செய்த பொம்மைப் பூட்டு. ஒரு நாள் நான் அண்ணியைத் தள்ளி, கதவைச் சாத்தி, பூட்டைப் பூட்டிவிட்டு, மீசையை முறுக்கிக்கொண்டு திரும்பினேன். பின்னால் பூட்டு தானாகத் திறந்து பொத்தென்று விழுந்தது. கொட்டகை முழுக்கச் சிரிப்பு. “மிராசு, கதவு தொறந்து கெடக்கு, நாயி போயிரப்போகுது!” என்று ஒருவன் கத்தினான். படுதா இறங்கியதும் வாத்தியார் அந்தப் பூட்டைத் தூக்கி என் மேலேயே எறிந்தார். “திண்டுக்கல்லுல உக்காந்துக்கிட்டு தகரப் பூட்டா? வெளிய தெரிஞ்சா ஊரை விட்டே அடிச்சுத் தொரத்துவான். போ, நல்ல பூட்டா ஒண்ணு வாங்கிட்டு வா.”

அப்படித்தான் சுப்பையாவின் பட்டறைக்குப் போனேன். நாகல் நகரை ஒட்டிய சந்து ஒன்றில் நாலு பேர் அரம் தேய்த்துக்கொண்டிருக்கிற சின்னப் பட்டறை. நாடகத்துக்குப் பூட்டு வேண்டும் என்றதும் அவர் வேலையை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“கொட்டகையில கடைசி வரிசை எம்புட்டுத் தூரம்?”

“எதுக்குங்கய்யா?”

“பூட்டுற சத்தம் அவனுக்குக் கேக்க வேணாமா? கண்ணுக்குத் தெரியாதவனுக்குக் காதுதானப்பா கதவு. திருடனுக்குப் பயந்து பூட்டுக் கேட்டு வருவாக. சத்தத்துக்குப் பூட்டுக் கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான்.”

நான் அப்படிக் கேட்கவே இல்லை. கேட்டதாக அவரே வைத்துக்கொண்டு ஒரு வாரம் அதில் இறங்கிவிட்டார். உள்ளே வில்லை ஒன்றை மாற்றிப் போட்டாராம், என்ன செய்தாரோ. ஒரு நாள் என்னைச் சந்தில் நிற்கவைத்துவிட்டு, பட்டறை வாசலிலிருந்து சாவியைத் திருப்பினார். ‘ணங்’ என்று ஒரு சத்தம். வெண்கல மணியும் இல்லை, இரும்பும் இல்லை. அடிவயிற்றில் விழுகிற மாதிரி ஒரு சத்தம்.

“கேக்குதா?”

“கேக்குது!”

“இன்னும் நாலு வீடு தள்ளி நில்லுங்க!”

தள்ளி நின்றேன். மறுபடி ணங். இன்னும் தள்ளச் சொன்னார். அப்போது பட்டறைக்குள் சாவிக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்த அவர் மகள் குருவம்மாள் தலையை நீட்டி, “அப்பா, இன்னும் செத்த தள்ளி நிக்கச் சொன்னா கொடைரோட்டுல போயி ரயிலேறிருவாரு. விட்ருங்க” என்றாள்.

அந்த ஒரு பேச்சில் நான் விழுந்தேன். அதற்குப் பிறகு பூட்டுக்கு எண்ணெய் விட வேண்டும் என்று வாரத்துக்கு மூன்று தரம் பட்டறைக்குப் போனேன். “இம்புட்டு எண்ணெய் குடிச்ச பூட்டு திண்டுக்கல்லுலயே இது ஒண்ணுதான்” என்று குருவம்மாள் சொன்னாளே தவிர, எண்ணெய்க் கிண்ணத்தை ஒளித்து வைக்கவில்லை. எனக்கு அது போதும்.

ஆயக்குடியிலிருந்து என் சித்தப்பாவை வரவழைத்தேன். ஒரு கூடை கொய்யாப்பழத்தோடு பெண் கேட்கப் போனோம். சித்தப்பா ஆரம்பமெல்லாம் நன்றாகத்தான் ஆரம்பித்தார். “ஏனுங்க, பையன் ஒரு கொய்யாப்பழத்தைக்கூடக் கத்தி வெச்சு அறுக்க மாட்டானுங்க. பாவம்னு அப்படியே கடிப்பானுங்க. அத்தன எரக்கங்க.”

குருவம்மாளின் தாய் வீரம்மாள் கூடையைத் தொடவே இல்லை. நாடகத்தை முதல் வாரமே பார்த்தவள் அவள். “கொய்யாப்பழத்துக்கு எரக்கப்படுவாரு. அண்ணிக்கு எரக்கம் கெடையாதாக்கும்? பெத்த தாயி மாதிரி இருந்த புள்ளயக் கழுத்தப் பிடிச்சுத் தள்ளுனவரு, எம் மகள எத்தனை நாளைக்கு வீட்டுக்குள்ள வச்சிருப்பாரு?”

“அது வேசமுங்க” என்றார் சித்தப்பா.

“மனசுல இல்லாதது மூஞ்சிக்கு வருமாங்கறேன்?”

சுப்பையா இடையில் புகுந்தார். “பேசாம இரு. வார ஞாயித்துக்கிழம நாம ரெண்டு பேரும் போயி ஆள இன்னொருக்கப் பாப்போம். பாத்துட்டுச் சொல்லுவோம்.”

ஞாயிற்றுக்கிழமை பெண்கள் வரவேண்டும் என்பதற்காகச் சாயங்காலமே ஆட்டம் தொடங்கிவிடும். நான் அந்த வாரம் முழுக்க ஒரே யோசனை. வீரம்மாள் பார்க்கப் போவது என் மூஞ்சியை. மூஞ்சியில் கொஞ்சம் இரக்கத்தைக் காட்டினால் என்ன குறைந்துவிடப் போகிறது? வசனத்தில் ஒன்றிரண்டை மாற்றினால் யாருக்குத் தெரியும்? யாரிடமும் சொல்லவில்லை. பரமசிவத்திடம்கூடச் சொல்லவில்லை.

அந்தக் காட்சி வந்தது. அண்ணி என் காலில் விழுந்து கதறுகிறாள். நான் எட்டி உதைக்க வேண்டும். உதைக்கவில்லை. குனிந்து, “எந்திரிங்க அண்ணி, முட்டி வலிக்கப்போகுது” என்றேன்.

பரமசிவம் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். உதடு அசையாமல், “என்னடா ஆச்சு ஒனக்கு? தள்ளுடா” என்றான்.

“தள்ளமாட்டேன்” என்றேன் நானும் உதடு அசையாமல்.

“நீ தள்ளலைன்னா நான் எப்படிடா வெளிய போறது? அடுத்த காட்சி தெருவுலல்லடா?”

நான் கைகட்டி நின்றேன். பக்கப் படுதாவுக்குப் பின்னால் வாத்தியார் பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. பரமசிவம் பெரிய நடிகன் என்பதை அன்றுதான் நான் முழுசாகத் தெரிந்துகொண்டேன். “ஐயோ! தள்ளுகிறாயே பாவி!” என்று அலறிக்கொண்டே, தன் கழுத்தைத் தன் கையாலேயே பிடித்து, தன்னைத் தானே வாசலுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போய் விழுந்தான். நான் அவன் பின்னாலேயே போய், “வெயிலா இருக்கு அண்ணி, பாத்துப் போங்க” என்றேன். கதவைச் சாத்தினேன். பூட்டைக் கையில் எடுத்தேன், பெருமூச்சு விட்டேன், அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

கொட்டகை குழம்பிப் போயிற்று. இதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. அடுத்து அண்ணன் திரும்பி வந்து, நியாயம் கேட்டு என்னைப் புரட்டி எடுக்கிற காட்சி. அவர் முதல் அடி அடித்தாரோ இல்லையோ, சனங்கள் எழுந்துவிட்டார்கள். “ஏலே, அந்தப் பய என்ன செஞ்சான்? எதுக்குடா அடிக்கிற?” “அந்தப் பொம்பள தானால்ல வெளிய போச்சு!” அண்ணனாக நடித்த கதாநாயகர் கையை ஓங்கியபடி அப்படியே நின்றார். முன்வரிசையிலிருந்து அவர் மேல் ஒரு வாழைப்பழத் தோல் வந்து விழுந்தது. போன இடத்திலெல்லாம் மாலையே விழுந்து பழகிய மனுஷன். பாவம்.

ஆட்டம் முடிந்ததும் வாத்தியார் என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “நாளையிலருந்து நீ மிராசு வீட்டு வாசல் காவக்காரன். கம்பப் பிடிச்சுக்கிட்டு நில்லு. ஒனக்கு வசனம் கிடையாது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

போகட்டும், பெண் கிடைத்துவிடும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். மறுநாள் காலை நாகல் நகர் வழியாகப் பட்டறைக்குப் போனேன். வெங்காயக்கார அம்மா என்னைக் கூப்பிட்டாள். என் துண்டை வாங்கி விரித்து, ரெண்டு கை நிறைய அள்ளிப் போட்டாள். “எடுத்துக்கப்பா. தங்கமான புள்ள. அந்த அண்ணங்காரன்தான் மோசம்.”

வாத்தியார் சொன்னது காதில் கேட்டது. வெங்காயத்தைச் சுமந்துகொண்டு பட்டறைக்குப் போனேன்.

வீரம்மாள் வாசலிலேயே வாயெல்லாம் பல்லாக நின்றாள். “வாங்க தம்பி. நான்தான் தப்பா நினைச்சுட்டேன். ‘முட்டி வலிக்கப்போகுது’ன்னு சொன்னீகளே, அதுக்கு மேல எனக்கு என்ன வேணும்.”

சுப்பையா அரத்தை விட்டு நிமிரவே இல்லை. “அந்தப் பூட்டக் கொண்டாந்து குடுத்துருங்க” என்றார்.

“ஏங்கய்யா?”

“பூட்டாத எடத்துல எம் பூட்டுக்கு என்ன சோலி? நான் ஒம்ம மூஞ்சியப் பாக்கவா வந்தேன்? கடைசி வரிசையில போயி உக்காந்து, காதத் தீட்டி வச்சுக்கிட்டு, இந்தா வருது இந்தா வருதுன்னு இருந்தேன்யா. வரல. பக்கத்துல இருந்தவன்கிட்ட, இப்பப் பாருங்க நம்ம பூட்டுச் சத்தம் கேக்கும்னு வேற சொல்லிப்புட்டேன்.” அரத்தைக் கீழே வைத்தார். “ஆளப் பாத்துப் பூட்டுற பூட்ட நான் செய்யிறதில்ல. சொந்தக்காரன் வாரான்னு வாயத் தொறந்துக்கிட்டா அது பூட்டா? ஒம்ம சோலியில நீரு அதத்தான் செஞ்சீரு. எம் மகளத் தாரதா இல்ல.”

கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனவன் கதைதான். முப்பது வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு அரத்தின் சத்தத்திலேயே வேலையின் குறையைக் கண்டுபிடிக்கிறவரிடம் போய், நான் அரைவேலை காட்டியிருக்கிறேன். வீரம்மாள், “ஏங்க, நல்ல புள்ளையா இருக்காருங்கறேன், நீங்க என்ன இப்படி…” என்று ஆரம்பித்தாள். அவர் அரத்தை எடுத்துக் கிறீச்சென்று தேய்த்தார். பேச்சு முடிந்துவிட்டது.

நான் சந்து முனை வரை வந்திருப்பேன். பின்னால் குருவம்மாள் எண்ணெய்க் கையோடு வந்தாள். “துண்டக் குடுங்க, வெங்காயம் சிந்துது” என்று முடிச்சை இறுக்கிப் போட்டாள். போட்டுக்கொண்டே, “எங்கம்மாவுக்குப் பயந்து பூட்டாம விட்டீக. நாளைக்கு எனக்குப் பயந்தா என்னென்னத்த விடுவீக?” என்றாள்.

“இப்ப நான் என்ன செய்யட்டும்?”

“பூட்டு இன்னும் ஒங்ககிட்டத்தான இருக்கு?” என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

தம்பிமார்களே, நேராக வாத்தியார் காலில் போய் விழுந்தேன். காரணத்தை மறைக்காமல் சொன்னேன். அவர் கேட்டு முடித்துவிட்டு, “பொண்ணுக்காகத் தொழிலக் கெடுத்தவனப் பாத்திருக்கேன். மாமியாருக்காகக் கெடுத்தவன் நீ ஒருத்தன்தான்டா” என்றார். மசியவில்லை. என்னைக் காப்பாற்றியது பரமசிவம். அதற்குப் பிறகு நாலு நாள் இன்னொருவன் சின்னமிராசாக வந்து அவனைத் தள்ளினான். தள்ளுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பார்க்கிறவனுக்குக் கழுத்தைப் பிடித்த மாதிரி இருக்கும். உண்மையில் ரெண்டு விரல் தோளில் இருந்து, எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று சொல்லும். புதியவனுக்கு அது தெரியவில்லை. பரமசிவம் வீங்கிய தோளை வாத்தியாரிடம் காட்டி, “என்னத் தள்ளத் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான். அவனக் கூப்பிடுங்க, இல்லாட்டி அண்ணி இனிமே வீட்ட விட்டுப் போகமாட்டா” என்று சொல்லிவிட்டான்.

பட்டறைக்கு ஆள் விட்டேன். பூட்டை ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கு முன்னால் ஒரு தரம் கேட்டுவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று.

வந்தார்கள். படுதா ஓட்டை வழியாகப் பார்த்தேன். சுப்பையா கடைசி வரிசையில், சுவரை ஒட்டி. வீரம்மாள் பெண்கள் பக்கம் முன்னால், மடியில் ஒரு தூக்குச் சட்டி. புருஷன் எப்படியும் மனசு மாறுவார், மாப்பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்று பணியாரம் சுட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். பக்கத்தில் குருவம்மாள். இப்போது நன்றாகச் செய்தால் தாய் போய்விடுவாள். சரியாகச் செய்யாவிட்டால் தகப்பன் போய்விடுவார். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி என்பார்களே, அது நான்தான். பக்கத்தில் வந்து நின்ற வாத்தியார் என் காதில் சொன்னார்: “ஒன் நல்ல பேரக் கழட்டி இங்கன ஆணியில மாட்டிட்டுப் போ. ஆட்டம் முடிஞ்சு வந்து எடுத்துக்க. எவனும் திருட மாட்டான்.”

போனேன். அன்றைக்கு நான் செய்த சின்னமிராசை அதற்குப் பிறகு நானே செய்ததில்லை. உதைத்தேன். “இந்த வீட்டுல இனி உன் நிழல்கூட விழக்கூடாது” என்றேன். ஒரு வாரத்து ஆத்திரமும் கையில் இறங்க, தோளில் இருந்த ரெண்டு விரல் அஞ்சு விரலாகிவிட்டது. பரமசிவம் நிஜமாகவே பறந்து போய் விழுந்தான். கதவை அறைந்தேன். பூட்டை மாட்டினேன். அவசரப்படவில்லை. சனங்கள் மூச்சை இழுத்துப் பிடிக்கிற வரைக்கும் சாவியைக் கையிலேயே வைத்திருந்தேன். அப்புறம் திருப்பினேன்.

ணங்.

கொட்டகையில் ஒரு இருமல்கூட இல்லை. கடைசி வரிசையில் ஒரே ஒரு ஆள் மட்டும், “ஆங்!” என்றது.

அடுத்த நொடி முன்னாலிருந்து ஒரு பனையோலை விசிறி பறந்து வந்து என் நெற்றியில் பட்டது. வீரம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். “அன்னைக்கு நடிச்சிருக்கான்டீ! இன்னைக்குத்தான் நெசம்!” என்று மகளை உலுக்கினாள். குருவம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று அவள் தாய் நினைத்துக்கொண்டாள்.

ஆட்டம் முடிந்தது. மாப்பிள்ளைக்குச் சுட்ட பணியாரத்தை எடுத்துக்கொண்டு வீரம்மாள் நேராக மேடைக்குப் பின்னால் வந்துவிட்டாள். எனக்கு இல்லை. “அந்தப் புள்ள எங்க? காலையிலருந்து ஒண்ணும் திங்காம தெருவுல கெடந்துச்சே, அதுக்கு ஒரு வாயி குடுக்கணும்” என்று வழியில் நின்றவர்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

உள்ளே அண்ணி முக்காலியில் உட்கார்ந்திருந்தது. தலையில் டோப்பா இல்லை. வாயில் பீடி. சேலையை முழங்காலுக்கு மேல் சுருட்டியிருந்தது. சிராய்த்த முட்டிக்கு நான் கீழே உட்கார்ந்து தைலம் தடவிக்கொண்டிருந்தேன். “மெதுவாடா, மாட்டுக்காரா. பொண்ணு கேக்கப் போனவன் என்னயவாடா கொல்லணும்?” என்று அண்ணி கட்டைக் குரலில் திட்டிக்கொண்டிருந்தது.

வீரம்மாள் தூக்குச் சட்டியோடு அப்படியே நின்றாள். பரமசிவம் பீடியை மறைத்துக்கொண்டு, சட்டியைப் பார்த்ததும் சட்டென்று அண்ணிக் குரலுக்கு மாறி, “யாரும்மா தாயே, எனக்கா?” என்றான்.

“அட எடுபட்ட பயலே!” என்றாள் வீரம்மாள். “ஆம்பளையா நீயி? ஒனக்காகவாடா இத்தன நாளா நான் சோறு எறங்காம கெடந்தேன்?” திட்டிக்கொண்டே சட்டியைத் திறந்து நாலு பணியாரத்தை அவன் கையில் வைத்தாள். அப்புறம் என்னையும், என் கையையும், அவன் முட்டியையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். “தள்ளுன கையே தைலமும் தடவுது” என்று யாரிடமோ சொல்கிற மாதிரிச் சொன்னாள். மிச்சப் பணியாரத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

சுப்பையா பின்னாலேயே வந்து நின்றார். பூட்டைத் துண்டில் சுற்றி நீட்டினேன். அவர் வாங்கவில்லை. “சாவிய மெதுவாத் திருப்புனீரு பாருங்க” என்றார். “எனக்கே அது தோணல. வச்சுக்கங்க மாப்ள.”

கல்யாணத்துக்கு மிட்டாய்க்கடை பாய் அல்வாத் தட்டோடு வந்தார். வெங்காயக்கார அம்மா வரவில்லை. அதற்கப்புறம் நான் திண்டுக்கல்லில் குடியிருந்த காலம் முழுக்க அவளிடம் எனக்கு வெங்காயம் கிடைக்கவில்லை. குருவம்மாள்தான் போய் வாங்கி வருவாள். அவளிடமும் ஒவ்வொரு தரமும், “அவன் அடிக்கிறானாம்மா?” என்று கேட்பாளாம். இவள் மூக்கை உறிஞ்சிக் காட்டி, ஒரு கை கூடுதலாக வாங்கிக்கொண்டு வருவாள். எங்கள் வீட்டில் பெரிய நடிகர் யார் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அறுபதுகளில் சினிமா கூப்பிட்டது. அங்கேயும் அதே தொழில்தான். கோயில் நகையைத் திருடுவேன், தாயை அடிப்பேன், கடைசி ரீலில் சாவேன். அப்படி ஒரு படம் திண்டுக்கல்லுக்கு வந்தபோது மாமனாரையும் மாமியாரையும் பகல் ஆட்டத்துக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். மாமனார் கடைசி வரிசைதான் வேண்டும் என்றார். நடுவில் மாமியார், மடியில் என் மகள், பக்கத்தில் நான்.

திரையில் நான் பெற்ற தாயை ஒரு அறைக்குள் தள்ளிக் கதவைப் பூட்டினேன். மாமனார் காதைச் சாய்த்துக் கேட்டார். “நம்ம பூட்டு இல்ல” என்று உதட்டைப் பிதுக்கினார்.

மாமியாருக்குப் பொறுக்கவில்லை. “நாசமாப் போயிருவ! ஒங் கையில குட்டம் வர!” என்று திரையைப் பார்த்துக் கையை நீட்டினாள். முன்வரிசையெல்லாம் திரும்பிப் பார்த்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. “அத்தே, நான்தான் அது” என்றேன் மெதுவாக.

“தெரியும். சும்மா இருங்க மாப்ள” என்றாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே மடியிலிருந்த பொட்டலத்தைத் துழாவி ஒரு முறுக்கை என் கையில் வைத்துவிட்டு, மறுபடி வைய ஆரம்பித்தாள்.